ஹாலரின் முக்காலி

மனிதர் முகத்தால் வேறுபடுதல் போலவே அகவுறுப்புக்களின் அமைப்பாலும் வேறுபடுகின்றனர். முகத்தின் வேறுபாடு யாவர்க்கும் புலனாகும். வயிற்றினுள் ஓடும் நாடிகளின் வேறுபாடோ நெடுங்காலம் வயிற்றைத் திறந்த பின்னரே தெரியவந்தது. அதனை அறியாது நாடியொன்றைக் கட்டிவிட்டால் நோயாளியின் உயிருக்கே ஊறு விளையலாம்.

பெருநாடியிலிருந்து மேல்வயிற்றை நோக்கிக் குறுகிய தண்டொன்று புறப்படுகின்றது. அது மூன்றாகப் பிரிந்து இரைப்பைக்கும் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் குருதியைக் கொண்டு செல்லும். 18ஆம் நூற்றாண்டிலே சுவிற்சர்லாந்து அறிஞர் ஆல்பிரெக்ற் வொன் ஹாலர் இதனை விவரித்தமையால், இவ்வமைப்பு 'ஹாலரின் முக்காலி' எனப் பெயர் பெற்றது. எல்லா உடலிலும் முக்காலி இவ்வாறே அமையும் என்று பலர் எண்ணினர்.

இரைப்பைப் புற்றுநோயைச் சத்திர சிகிச்சையால் நீக்க 1879இல் பாரிசிலே பெயானும், 1880இல் போலந்து நாட்டவரான ரிடிகியரும் முயன்றனர். இருவருடைய நோயாளரும் பிழைத்திலர். 1881 ஜனவரி 29ஆம் திகதி வியன்னாவிலே தியோடர் பில்ரொத் 43 வயதுப் பெண்ணொருத்தியின் இரைப்பையில் நோயுற்ற பகுதியை அகற்றி வெற்றி கண்டார். ஆயினும் நோய் மீண்டும் தலைதூக்க, ஏறக்குறைய நான்கு மாதங்களில் அவள் இறந்தாள்.

இரைப்பையை மட்டும் வெட்டுதல் போதாது என்பது பின்னர் தெளிவாயிற்று. நாடிகளை ஒட்டியுள்ள நிணநீர்க் கணுக்களின் வழியாகவும் புற்றுநோய் பரவுகின்றது. ஆகவே இடது இரைப்பை நாடியை அடியிலேயே கட்டி, அக்கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறை வளர்ந்தது. நாடிகளின் வேறுபாடு பெரும் பொருளாவது இவ்விடத்திலேதான்.

யப்பானிய அறிஞர் அடாச்சி 252 உடல்களை ஆராய்ந்து, 1928இல் இம்முக்காலியின் அமைப்பை ஆறு வகைகளாகப் பிரித்தார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே மிச்சல்ஸ் 200 உடல்களை ஆராய்ந்து, 1966இல் ஈரல் நாடிகளைப் பத்து வகைகளாக வகுத்தார். நூல்கள் கூறும் அமைப்பு அவற்றுள் நூற்றுக்கு 55 அளவிலேயே காணப்பட்டது. நூற்றுக்குப் பத்து உடல்களில் ஈரலின் இடப்பாகத்துக்குரிய நாடி, இடது இரைப்பை நாடியிலிருந்தே கிளைத்திருந்தது.

அத்தகைய ஒருவருக்கு இடது இரைப்பை நாடியை அடியிற் கட்டினால், ஈரலின் இடப்பாகம் தன் நாடிக் குருதியை இழக்கும். ஈரலுக்கு வரும் குருதியிற் பெரும்பகுதியை வாயில் நாளம் வழங்குவதால் பலர் இவ்விழப்பைத் தாங்குவர். ஆனால் முன்னரே ஈரல் பழுதுற்றவர்க்கு அது பேராபத்தாகலாம். ஆதலால் ஐயம் எழுமிடத்து, சத்திர வைத்தியர் அந்நாடியைச் சிறிது நேரம் இடுக்கியாற் பிடித்து ஈரலின் நிறத்தை நோக்குவர். நிறம் கருகுமாயின், கணுக்களை மட்டும் களைந்து, ஈரற் கிளை பிரிந்த இடத்துக்கு அப்பாலே கட்டுப் போட்டு, அந்நாடியைக் காப்பர்.

இன்று நாளங்களில் மருந்தைச் செலுத்திக் கணினிக் கதிர்ப்படம் எடுப்பதால், கத்தியைத் தொடுமுன்னரே நாடிகளின் போக்கைக் காண இயலுகின்றது. பிணங்களிற் பொறுமையுடன் நாடிகளை எண்ணிய அறிஞரின் உழைப்பே, அப்படத்தில் எதனைத் தேட வேண்டும் என்பதை வைத்தியருக்குக் கற்பித்தது. மாண்டவர் உடல்கள் தந்த அறிவு, இவ்வாறு வாழ்பவரைக் காக்கின்றது.