நகர்ப்புறத் தலித்துகளின் வறுமை: குறைந்ததும் குறையாததும்

தலித் மக்களிடையே வறுமை குறைந்திருக்கிறது என்பது உண்மை. அதை மறுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. டெண்டுல்கர் குழு வகுத்த முறைப்படி, 2004-05இல் கிராமப்புறப் பட்டியல் சாதியினரில் 53.5 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டின்கீழ் இருந்தனர். 2011-12இல் அது 31.5 விழுக்காடாயிற்று. நகர்ப்புறத்தில் 40.6 விழுக்காடு 21.7ஆகக் குறைந்தது. ஏழே ஆண்டுகளில் ஏற்பட்ட இச்சரிவு சிறிதன்று. ஆனால், ‘இனி இவர்களுக்கெனத் தனித் திட்டங்கள் எதற்கு?’ என்று கேட்போர் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். நாட்டின் மொத்த எண்களை அருகில் வைத்துப் பார்ப்பதில்லை.

அதே காலத்தில் நாட்டின் கிராமப்புற வறுமை 41.8இலிருந்து 25.7ஆகவும், நகர்ப்புற வறுமை 25.7இலிருந்து 13.7ஆகவும் குறைந்தது. (25.7 இருமுறை வருவது தற்செயல், அச்சுப்பிழையன்று.) வகுத்துப் பார்த்தால், 2004-05இல் நகர்ப்புறப் பட்டியல் சாதியினரின் வறுமை விகிதம் மொத்த நகர்ப்புற விகிதத்தைப்போல் 1.58 மடங்கு. 2011-12இலும் அதே 1.58 மடங்கு! கிராமப்புறத்தில் 1.28 மடங்கு 1.23ஆகச் சற்றே இறங்கியது. கிராமப்புறப் பழங்குடியினர் நிலையோ மோசமடைந்தது: 1.49 மடங்கு 1.76ஆக உயர்ந்தது. மொத்த எண்ணுக்குள் தலித்துகளும் அடங்குவர். அவர்களை நீக்கி ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் விரியும்.

இந்தக் கோடே மிகத் தாழ்வானது. 2011-12இல் நகரத்தில் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய், கிராமத்தில் 816 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவிட்டவரும் ஏழையல்லர் என்பது அரசின் கணக்கு. அதன்பின் அதிகாரப்பூர்வக் கோடு புதுப்பிக்கப்படவில்லை. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளையும் ஒன்றிய அரசு வெளியிடவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் வெளிவந்த 2022-23 ஆய்வில், நகரத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,459 ரூபாய். பட்டியல் சாதியினருக்கு 4,928 ரூபாய். ஏறத்தாழ 24 விழுக்காடு குறைவு. கிராமத்தில் இவ்வெண்கள் முறையே 3,773, 3,474. குறைவு 8 விழுக்காடுதான்.

கிராமம் சாதியின் கோட்டை, நகரம் விடுதலையின் வாயில் என்று அம்பேத்கர் காலந்தொட்டு நாம் நம்பி வந்துள்ளோம். சேரியை விட்டு வெளியேறியவர்களின் வாழ்க்கை அந்நம்பிக்கையைப் பொய்யாக்கிவிடவில்லை. ஆயினும் நகரத்தின் கூலி எல்லோரையும் உயர்த்தும்போது, சாதி இடைவெளி அப்படியே உடன் வருகிறது.

காரணங்கள் தேடக் கடினமானவை அல்ல. அரசியலமைப்பின் 16(4)ஆம் பிரிவு தரும் இடஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கே உரியது. நகரத்தின் வேலைகளில் பெரும்பகுதி தனியாரிடம் உள்ளது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நினைவுகூரத்தக்கது. செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பியபோது, தலித் பெயர் கொண்டோருக்கு அழைப்புகள் குறைவாகவே வந்தன. எஞ்சுவது தூய்மைப் பணி, கட்டட வேலை, சுமை தூக்குதல். தூய்மைப் பணியிலும் நிரந்தர இடங்கள் சுருங்கி, ஒப்பந்ததாரர் வந்துவிட்டார்.

அடுத்தது குடியிருப்பு. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தெற்குப் புறநகருக்கு அனுப்பப்பட்டனர். வீட்டுக்கு அருகே வீட்டு வேலையோ சந்தை வேலையோ செய்துவந்த பெண்ணுக்கு இடமாற்றம் என்பது வருமான இழப்பு. நுகர்வு ஆய்வு அந்த இழப்பைப் பதிவு செய்யலாம். அதன் காரணத்தைப் பதிவு செய்யாது.

ஊரக வேலை உறுதித் திட்டம் 2005இலேயே சட்டமாயிற்று. நகர்ப்புறத்துக்கு அத்தகைய தேசியச் சட்டம் வரவில்லை. மக்கள்தொகைக்கேற்ப நிதி ஒதுக்கும் துணைத்திட்டத்தை ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் சட்டமாக்கின. தமிழ்நாடு 2024இல்தான் செய்தது. துணைத்திட்ட நிதியில் மாநகராட்சிப் பகுதிகளுக்கு வந்த தொகை எவ்வளவு, அதில் தனிநபருக்குச் சென்றது எவ்வளவு, பொதுச் சாலைக்கும் பாலத்துக்கும் கணக்கெழுதப்பட்டது எவ்வளவு? மாணவத் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முதலில் கேட்க வேண்டியவை இம்மூன்றும். வட்டம் வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். மாவட்டத் தொகை மட்டும் தந்தால் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு.