டோனி அயோமி: 30 ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் தனி ஆல்பமும் தொடர்ந்த இசைப் பயணமும்

ஹெவி மெட்டல் இசையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் பிரிட்டன் கித்தார் கலைஞர் டோனி அயோமி, தமது முழுமையான முதல் தனி ஆல்பத்தை 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டார். அவர் இடம்பெற்ற பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்து அப்போது 30 ஆண்டுகள் கடந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் தனி ஆல்பத்துக்காக அவர் மேற்கொண்ட இரு முயற்சிகளில் ஒன்று குழுவின் பெயரிலேயே வெளியானது. மற்றொன்று எட்டு ஆண்டுகள் வெளியிடப்படாமல் இருந்தது. அந்தக் காத்திருப்பின் பின்னணியையும், அதன் பிறகு புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடையிலும் தொடர்ந்த அவரது பணிகளையும் இத்தொகுப்பு விளக்குகிறது.

விரல் நுனிகளை இழந்த இளைஞர்

இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த அயோமி, 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் பிறந்தார். இடக்கைப் பழக்கம் உடையவர் என்பதால், கித்தாரின் தந்திகளை அழுத்தும் பணியை அவரது வலக்கை செய்கிறது.

உலோகத் தகடு தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய அவர், 17-ஆவது வயதில் அந்த வேலையிலிருந்து விலகி இசைக் குழுவுடன் செல்ல முடிவு செய்திருந்தார். பணியின் கடைசி நாளில், வழக்கமாகத் தாம் இயக்காத அழுத்து இயந்திரத்தை இயக்க நேர்ந்தபோது, வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகள் துண்டிக்கப்பட்டன. இனி கித்தார் வாசிக்க இயலாது என்று மருத்துவர்கள் கருதினர்.

மனமுடைந்திருந்த அவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அதில் கித்தார் வாசித்திருந்தவர் ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928-ஆம் ஆண்டு தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பிறகும், எஞ்சிய விரல்களைக் கொண்டே புதிய வாசிப்பு முறையை உருவாக்கியவர் அவர். இதனால் ஊக்கம் பெற்ற அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிகளுக்கேற்ற உறைகளைத் தாமே செய்தார். தந்தியில் வழுக்காமல் இருக்க அவற்றின் மீது தோல் துண்டுகளை ஒட்டினார்.

இயலாமையிலிருந்து பிறந்த ஒலி

உறை அணிந்த விரல்களால் தந்தியின் தொடுகையை உணர இயலாது. தடித்த தந்திகளை அழுத்துவதும் வளைப்பதும் வலியைத் தந்தன. மெல்லிய கித்தார் தந்திகள் அக்காலத்தில் எளிதில் கிடைக்காததால், பான்ஜோ இசைக்கருவியின் தந்திகளை அவர் கித்தாரில் பூட்டினார். பின்னர் தந்திகளின் முறுக்கைத் தளர்த்தி, சுருதியைக் குறைத்து வாசிக்கத் தொடங்கினார். 1971-ஆம் ஆண்டு வெளியான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் சுருதி மூன்று அரைச்சுரங்கள் குறைக்கப்பட்டிருந்தது.

விரல்களின் வலியைக் குறைக்க உதவிய இம்முறை, ஒலியைக் கனமாகவும் இருண்டதாகவும் மாற்றியது. பல சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய சிக்கலான கோர்வைகளைத் தவிர்த்து, இரண்டு மூன்று சுரங்களை மட்டும் கொண்டு அழுத்தமாக மீண்டும் மீண்டும் ஒலிக்கும் 'ரிஃப்' எனப்படும் இசைத்துணுக்குகளை அவர் அமைத்தார். பின்னாளில் வந்த எண்ணற்ற மெட்டல் குழுக்கள் இந்த முறையைப் பின்பற்றின.

பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், பேஸ் கித்தார் கலைஞர் கீஸர் பட்லர், டிரம்ஸ் கலைஞர் பில் வார்டு ஆகியோருடன் 1968-ஆம் ஆண்டு அவர் தொடங்கிய குழுவே பின்னர் பிளாக் சபாத் எனப் பெயர் பெற்றது. நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்தவர்கள். குழுவின் முதல் ஆல்பம் 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி வெளியானது.

குழுவின் பெயரில் வந்த 'தனி' ஆல்பம்

1979-ஆம் ஆண்டு ஆஸ்போர்ன் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, ரோனி ஜேம்ஸ் டியோ பாடகரானார். அதன் பிறகு பாடகர்களும் பிற கலைஞர்களும் அடுத்தடுத்து மாறினர். குழுவின் 19 ஸ்டூடியோ ஆல்பங்களிலும் இடம்பெற்ற ஒரே கலைஞர் அயோமி மட்டுமே.

1980-களின் நடுப்பகுதியில் குழு ஏறத்தாழக் கலைந்த நிலையில், தனி ஆல்பம் ஒன்றை உருவாக்கும் பணியை அவர் தொடங்கினார். டீப் பர்ப்பிள் குழுவின் முன்னாள் கலைஞர் கிளென் ஹியூஸ் பாடல்களைப் பாடினார். ஆனால், பிளாக் சபாத் என்ற பெயருக்கு இருந்த வணிக மதிப்பைக் கைவிட இசைத்தட்டு நிறுவனத் தரப்பு விரும்பவில்லை. இறுதியில் 1986-ஆம் ஆண்டு 'செவன்த் ஸ்டார்' என்ற அந்த ஆல்பம், குழுவின் பெயருக்குப் பக்கத்தில் அயோமியின் பெயரையும் சேர்த்து வெளியிடப்பட்டது. ப்ளூஸ் சாயல் கொண்ட அதன் பாடல்களை, குழுவின் பழைய ஒலியை எதிர்பார்த்த ரசிகர்களில் பலர் ஏற்கவில்லை. தனி ஆல்பமாக வந்திருந்தால் எழுந்திராத ஒப்பீடு அது.

1996-ஆம் ஆண்டு அயோமியும் ஹியூஸும் பர்மிங்காமில் மீண்டும் இணைந்து புதிய பாடல்களைப் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டே பிளாக் சபாத்தின் தொடக்ககாலக் கலைஞர்கள் மேடையில் ஒன்றுசேர்ந்தனர். 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் பர்மிங்காமில் நடந்த அவர்களது நிகழ்ச்சிகளின் பதிவு 1998-இல் 'ரீயூனியன்' என்ற பெயரில் வெளியானது. அயோமியின் தனிப் பதிவுகள் மீண்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. திருட்டுப் பதிவுகளாக அவை ரசிகர்களிடையே பரவிய பின்னரும் முறையான வெளியீடு நிகழவில்லை.

பத்துப் பாடல்கள், பத்துப் பாடகர்கள்

இத்தகைய சூழலில்தான் 2000-ஆம் ஆண்டு 'அயோமி' என்ற ஆல்பம் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற பத்துப் பாடல்களையும் பத்து வெவ்வேறு பாடகர்கள் பாடியிருந்தனர். ஹென்றி ராலின்ஸ், ஸ்கங்க் அனான்சி குழுவின் ஸ்கின், ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டேவ் குரோல், பாண்டெராவின் ஃபில் அன்செல்மோ, சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழுவின் செர்ஜ் டாங்கியன், ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் பில்லி கோர்கன், தி கல்ட் குழுவின் இயன் ஆஸ்ட்பரி, டைப் ஓ நெகட்டிவ் குழுவின் பீட்டர் ஸ்டீல், பில்லி ஐடல் ஆகியோருடன் ஆஸி ஆஸ்போர்னும் ஒரு பாடலைப் பாடினார். ஆஸ்போர்ன் பாடிய பாடலுக்கு பில் வார்டு டிரம்ஸ் வாசித்தார். அயோமியின் நீண்டகால நண்பரான குவீன் குழுவின் பிரையன் மே இரு பாடல்களில் கித்தார் வாசித்தார். பாப் மார்லெட்டுடன் இணைந்து இந்த ஆல்பம் உருவாக்கப்பட்டது.

பாடியவர்களில் பெரும்பாலானோர் பிளாக் சபாத்தின் இசையைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறையினர். பாடலுக்குப் பாடல் குரலும் பாணியும் மாறியபோதும், கித்தாரின் ஒலி மட்டும் மாறாமல் ஆல்பத்தை ஒரே படைப்பாகப் பிணைத்தது. பாடகர் யாராக இருந்தாலும் தமது இசையை அடையாளம் காண முடியும் என்பதை, குழுவின் பெயரின் துணையின்றி அயோமி முதன்முறையாக நிறுவினார்.

ஹியூஸுடன் பதிவு செய்த பழைய பாடல்கள், டிரம்ஸ் பகுதியை மட்டும் ஜிம்மி கோப்லி புதிதாக வாசிக்க, 2004-ஆம் ஆண்டு 'தி 1996 டெப் செஷன்ஸ்' என்ற பெயரில் வெளியாயின. இருவரும் மீண்டும் சேர்ந்து உருவாக்கிய 'ஃபியூஸ்டு' 2005-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது.

நண்பரின் மறைவும் நோயும்

2006-ஆம் ஆண்டு பிளாக் சபாத் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் அயோமி, பட்லர், டியோ, டிரம்ஸ் கலைஞர் வின்னி அப்பீஸ் ஆகியோர் ஒன்றுசேர்ந்து 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற பெயரில் இயங்கத் தொடங்கினர். அவர்களது 'தி டெவில் யூ நோ' ஆல்பம் 2009-இல் வெளியானது. வயிற்றுப் புற்றுநோயால் 2010-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி டியோ காலமானதையடுத்து அக்குழு முடிவுக்கு வந்தது.

தொடக்ககால நால்வரும் மீண்டும் ஆல்பம் உருவாக்குவதாக 2011-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி அறிவித்தனர். இரண்டு மாதங்களுக்குள், 2012-ஆம் ஆண்டு ஜனவரியில், அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவர் சிகிச்சை பெற வசதியாக ஆல்பத்துக்கான பணிகள் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டன. இதற்கிடையே பில் வார்டு விலகியதால், பதிவில் பிராட் வில்க் டிரம்ஸ் வாசித்தார்.

2013-ஆம் ஆண்டு ஜூனில் வெளியான '13' என்ற அந்த ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிரிட்டனில் 1970-ஆம் ஆண்டின் 'பாரனாய்டு' ஆல்பத்துக்குப் பிறகு, ஏறத்தாழ 43 ஆண்டு இடைவெளியில் குழுவுக்குக் கிடைத்த முதலிடம் இது. அமெரிக்காவில் அக்குழு முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. இந்த ஆல்பத்தின் 'காட் இஸ் டெட்?' பாடலுக்கு 2014-ஆம் ஆண்டு கிராமி விருது கிடைத்தது. உலகச் சுற்றுப்பயண நிகழ்ச்சிகள் அயோமியின் சிகிச்சை நாள்களைக் கருத்தில் கொண்டு திட்டமிடப்பட்டன. நீண்ட பயணங்களை அவரது உடல்நிலை தாங்காது என்பதால் குழு விடைபெற முடிவு செய்தது. அதன் இறுதிச் சுற்றுப்பயணம் 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி பர்மிங்காமில் நிறைவடைந்தது.

தேவாலயம் முதல் பாலே வரை

மெட்டல் இசைக்கு வெளியேயும் அயோமியின் பணிகள் விரிந்தன. 1988-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் ஆர்மீனியா பேரழிவைச் சந்தித்தபோது, நிவாரண நிதிக்கான இசைப்பதிவில் அவர் பங்கேற்றார். 2011-ஆம் ஆண்டு டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லனுடன் சேர்ந்து, ஆர்மீனியாவின் கியூம்ரி நகர இசைப் பள்ளியை மீண்டும் கட்டுவதற்காக 'ஹூகேர்ஸ்' என்ற பெயரில் பாடல்களை வெளியிட்டார். 2013-ஆம் ஆண்டு யூரோவிஷன் போட்டியில் ஆர்மீனியாவின் சார்பில் இடம்பெற்ற பாடலுக்கும் இசையமைத்தார்.

பர்மிங்காம் பேராலயத்துக்காக அவர் இயற்றிய 'ஹவ் குட் இட் இஸ்' என்ற சேர்ந்திசைப் படைப்பு 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிடப்பட்டது. அதற்கான வரிகளைப் பேராலயத்தின் தலைமைக் குரு கேத்தரின் ஓகில் எழுதினார். 2021-ஆம் ஆண்டு 'சென்ட் ஆஃப் டார்க்' என்ற வாத்திய இசைப் படைப்பை அயோமி வெளியிட்டார். 2023-ஆம் ஆண்டு பர்மிங்காம் ராயல் பாலே, குழுவின் இசையை அடிப்படையாகக் கொண்டு 'பிளாக் சபாத் - தி பாலே' என்ற நாட்டிய நிகழ்ச்சியை அரங்கேற்றியது.

இந்திய ரசிகர்கள் பலர் அவரை நேரலையில் கண்டது 2022-ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில்தான். தொடக்க விழாவில் கித்தார் வாசித்த அவர், ஆகஸ்ட் 8-ஆம் தேதி நிறைவு விழாவில் ஆஸ்போர்னுடன் முன்னறிவிப்பின்றி மேடையேறினார். 61 பதக்கங்கள் வென்ற இந்திய அணிக்காக அந்த விழாவில் தேசியக் கொடியை ஏந்தியவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆஸ்டனில் ஒரு நிறைவு

2025-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, தொடக்ககாலக் கலைஞர்கள் நால்வருக்கும் நகரின் உயரிய கௌரவத்தை பர்மிங்காம் மாநகரம் வழங்கியது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 5-ஆம் தேதி, ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் 'பேக் டு தி பிகினிங்' நிகழ்ச்சி நடைபெற்றது. மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஸ்லேயர் உள்ளிட்ட குழுக்கள் அதில் பங்கேற்றன. 20 ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாக மேடையேறிய நால்வரும் நான்கு பாடல்களை வழங்கினர். பார்கின்சன்ஸ் நோயால் நிற்க இயலாத ஆஸ்போர்ன், அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தபடி பாடினார். நிகழ்ச்சியின் வருவாய், பார்கின்சன்ஸ் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகளுக்கான மருத்துவ சேவைகளுக்கும் என அறிவிக்கப்பட்டது. அடுத்த 17 நாள்களில், ஜூலை 22-ஆம் தேதி, 76-ஆவது வயதில் ஆஸ்போர்ன் காலமானார். அந்த மேடை நால்வரும் சேர்ந்து வாசித்த கடைசி மேடையாக அமைந்துவிட்டது.

குழுவின் வரலாறு அங்கு நிறைவடைந்தாலும், அயோமியின் பெயரில் வெளியான மூன்று ஆல்பங்களும் அந்த வரலாற்றின் நிழலில் மறைந்துவிடவில்லை. வாசிக்கவே இயலாது என்று கருதப்பட்ட ஒரு கையின் ஒலியை, வேறு எந்தப் பெயரின் துணையுமின்றி கேட்பதற்கான வாய்ப்பை அவை அளிக்கின்றன.

அயோமியின் பெயரில் வெளியான ஆல்பங்கள்

* அயோமி - 2000, பத்துப் பாடகர்கள்
* தி 1996 டெப் செஷன்ஸ் - 2004. பாடகர் கிளென் ஹியூஸ்
* ஃபியூஸ்டு - 2005. பாடகர் கிளென் ஹியூஸ்