25 அடி வண்டியும் மதகு இல்லாத ஏரியும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. நடுவுல ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க. அவங்களை எங்கே கூட்டிக்கிட்டுப் போறதுன்னு ஆரம்பிச்ச பேச்சு, கடைசியில என்னை ஒரு நூறு வருஷத்துச் சரித்திரத்தைப் படிக்க வெச்சிருச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், காபியோட உட்காருங்க :-)

அப்பா பொதுப்பணித்துறையில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகள்லயே பாதி சர்வீஸ் போயிருக்கும். நான் இருக்கிறது சால்ட் லேக் சிட்டி. "வேற ஒண்ணும் வேணாம்டா, நல்ல ஏரி ஒண்ணு காட்டு, கரையில ரெண்டு நாள் இருக்கணும்"னு கேட்டார். பக்கத்துல யெல்லோஸ்டோன் இருக்கே, கேக்கணுமா? அதுவும் தெற்கு வாசல் வழியா உள்ளே போனா லூயிஸ் ஏரின்னு ஒண்ணு. கூட்டம் குறைவு, செல்போன் சிக்னலை நம்ப முடியாது, கடை கண்ணி கிடையாது. 7,800 அடி உயரம், அதாவது ஊட்டியை விட மேல.

சிக்கல் என்னன்னா, அப்பாவுக்கு முட்டி வலி, தரையில படுத்தா எழுப்ப ரெண்டு ஆள் வேணும். அதோட இன்சுலின். ஒரு தடவை பயணத்துல பெட்டி தொலைஞ்சதிலேருந்து, எங்கே போனாலும் முழு ஸ்டாக்கும் கூடவே வரணும்னு பிடிவாதம். பிரிக்காத பேனாக்களை 2லேருந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும். ஐஸ் பெட்டியில போட்டா உறைஞ்சு போற பயம், உறைஞ்சா தூக்கித்தான் போடணும். ஆக டென்ட் அவுட். "ஆர்.வி. எடுத்துடலாமே, நாலு பேரும் உள்ளேயே தூங்கலாம்"னு தங்கமணி தீர்ப்பு சொல்லிட்டாங்க. அப்பீலா? நமக்கேது :-)

வாடகைக் கம்பெனியோட ஃபாரத்தைத் திறந்தா மூணு கேள்வி. என்ன வகை? எத்தனை அடி? எந்த ஃப்ரிட்ஜ்? எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியலை. தோண்டிப் பார்த்தா, ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாடி ஒரு கதை.

முதல் கேள்வி: என்ன வகை?

யெல்லோஸ்டோன் 1872ல உலகத்தோட முதல் தேசியப் பூங்காவா அறிவிக்கப்பட்டது. ஆனா ரொம்ப வருஷம் அது வசதி இருக்கிறவங்களுக்குத்தான். ரயில்ல வந்து, குதிரை வண்டியில ஏறி, பெரிய ஓட்டல்கள்ல தங்கணும். கையில காசு கம்மியா இருந்தவங்க சொந்தக் குதிரை வண்டியில தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கிட்டு வந்து புதர் ஓரத்துல படுத்தாங்க. 1915 ஆகஸ்ட்லதான் கார்களை உள்ளே விட்டாங்க. ரெண்டே வருஷத்துல குதிரை வண்டிக் கம்பெனிகள் எல்லாம் பஸ்ஸுக்கு மாறிடுச்சு.

அதுக்கு முன்னாடியே பணக்காரங்க ரோட்டுல வீட்டைக் கட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. 1910ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பியர்ஸ் ஆரோ கம்பெனி "டூரிங் லாண்டோ"ன்னு ஒரு காரைக் காட்டுச்சு. பின் சீட்டை மடிச்சா படுக்கை, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி மடக்கி வைக்கிற கை கழுவும் தொட்டி, ஒரு மலச்சட்டி, டிரைவரோட பேச ஒரு டெலிபோன். வீட்டுல அவசரத்துக்கு என்னவெல்லாம் வேணுமோ அது அப்பவே வந்தாச்சு பாருங்க. ஆனா வாங்கினவங்களுக்கு டிரைவர் வெச்சுக்கிற வசதி இருந்தது.

ஹென்றி ஃபோர்டு, எடிசன், டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பர்ரோஸ் நாலு பேரும் சேர்ந்து அந்தக் காலத்துல வருஷா வருஷம் "காட்டு வாழ்க்கை" வாழப் போவாங்க. கூடவே சமையல்காரர், சமையலுக்குன்னு தனி வண்டி. 1921ல ஜனாதிபதி ஹார்டிங்கும் வந்து சேர்ந்துக்கிட்டார். காட்டு வாழ்க்கையாம்!

சாமானியன் என்ன பண்ணான்? 1919ல ஃப்ளோரிடாவுல டாம்பா நகரத்துல, காரும் டென்டுமா ஊர் சுத்தின ஜனங்க ஒண்ணா சேர்ந்து "டின் கேன் டூரிஸ்ட்ஸ்"னு சங்கம் ஆரம்பிச்சாங்க. தகர டப்பா சுற்றுலாக்காரர்கள். டப்பா சாப்பாட்டை வெச்சு அடுத்தவன் கிண்டல் பண்ண பேரை இவங்களே பெருமையா மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் முப்பதுகள்ல டிரெய்லர்கள் வந்தது. ஆனா டிரெய்லரை இழுத்துக்கிட்டு ரிவர்ஸ் எடுக்கிறது தனி வித்தை. (என் பார்க்கிங் திறமை தெரிஞ்சவங்க சிரிக்காதீங்க.)

இன்ஜினும் வீடும் ஒரே வண்டியில, அதுவும் ஃபேக்டரியில வரிசையா செஞ்சு வந்தது அறுபதுகள்லதான். மிச்சிகன்ல ரே ஃப்ராங்க்னு ஒருத்தர் 1958ல தன் குடும்பத்துக்காக ஒண்ணு கட்டினார். பார்த்தவங்க எல்லாம் எனக்கும் வேணும்னு கேக்க, டாட்ஜ் சேஸிஸ்ல செஞ்சு விக்க ஆரம்பிச்சார். "மோட்டார் ஹோம்"ங்கிற பேரும் அவரால பரவினதுதான். அடுத்தது அயோவாவுல ஃபாரஸ்ட் சிட்டிங்கிற சின்ன ஊரு. விவசாயம் படுத்துப்போய் ஜனங்க வேலை தேடி வெளியூர் போக ஆரம்பிச்ச நேரம். ஜான் ஹான்சன்ங்கிற ஃபர்னிச்சர் கடைக்காரர் ஊருக்கு ஒரு டிரெய்லர் ஃபேக்டரி கொண்டுவரப் பாடுபட்டார். அதுதான் பின்னாடி வின்னெபேகோ ஆச்சு. 1966ல அவங்க அசெம்ப்ளி லைன்ல மோட்டார் ஹோம் விட்டப்போ, விலை போட்டியாளர்களோட வண்டியில கிட்டத்தட்ட பாதி. ஊரைக் காப்பாத்த வந்த ஃபேக்டரி, நடுத்தரக் குடும்பத்துக்கும் சக்கர வீட்டைக் கொடுத்துடுச்சு.

இன்னைக்கு ஃபாரத்துல இருக்கிற வகை மூணு. ஏ கிளாஸ், பஸ் மாதிரி. பி கிளாஸ், வேன் மாதிரி. சி கிளாஸ், முன்னாடி வேன் மூஞ்சி, டிரைவர் தலைக்கு மேல ஒரு பரண் படுக்கை. அளவுல ஏ பெருசு, சி நடுத்தரம், பி சின்னது. இந்த வரிசைக்குப் பேர் வெச்சவன் கையில கிடைச்சான்னா கோட் ரிவ்யூவுல உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன். எங்களுக்கு சி. சாதாரண லைசென்ஸ் போதும், பரண் எனக்கும் தங்கமணிக்கும், பின்னாடி இருக்கிற உயரமான கட்டில் அப்பா அம்மாவுக்கு.

ரெண்டாவது கேள்வி: எத்தனை அடி?

"30 அடி எடுத்துக்கோங்க சார், வசதியா இருக்கும்"னாங்க. ஆசையாத்தான் இருந்தது. ஆனா லூயிஸ் ஏரி கேம்ப்கிரவுண்டுல 25 அடிக்கு மேல வண்டிக்கு அனுமதி இல்லை. ஏன் இவ்ளோ கஞ்சத்தனம்னு தேடினப்போதான் எமிலியோ மைனெக்கி பத்திப் படிச்சேன்.

இவர் இன்ஜினியரே இல்லை, தாவர நோய் நிபுணர். கலிபோர்னியாவுல மரங்கள் ஏன் சாகுதுன்னு பார்க்கப் போனார். காரணம் பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. நம்மாளுங்க! கார்களை இஷ்டத்துக்கு மரத்தடியில ஓட்டி நிறுத்தினதுல மண் இறுகி, வேருக்குத் தண்ணியும் காத்தும் போகலை. ரசிக்க வந்த மரத்தை ரசிகனே கொன்னுக்கிட்டிருந்தான்.

1932ல அவர் ஒரு வழி சொன்னார். கேம்ப்கிரவுண்டுக்குள்ள ஒருவழிப் பாதையா ஒரு வளையம். அதுலேருந்து சாய்வா கிளை பிரியற சின்னச் சின்ன நிறுத்துமிடங்கள், ஆளுக்கு ஒண்ணு. கார் அதைத் தாண்டாம இருக்க ஓரத்துல பாறை, மரக்கட்டை. மேசை, அடுப்பு எல்லாம் நிலையா ஒரே இடத்துல. அடுத்த வருஷமே ரூஸ்வெல்ட் அரசாங்கம் வேலையில்லாத இளைஞர்களுக்காக ஒரு படையை உருவாக்க, அவங்க நாடு முழுக்க இதே டிசைன்ல கட்டித் தள்ளினாங்க. இன்னைக்கு அமெரிக்காவுல எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அந்த வளையமும் கிளையும் கண்ணுல படும். அந்தக் கிளைகளை நினைச்சது அன்னைக்கு ஓடின கார் அளவுக்கு. நாம கொண்டு போறது நடமாடும் வீடு. பழைய கேம்ப்கிரவுண்டுகள்ல பெரிய வண்டி திணறுறதுக்கு இதான் மூலம்.

இதே யெல்லோஸ்டோன்ல ஃபிஷிங் பிரிட்ஜ்னு ஆர்.வி.க்குன்னே ஒரு இடம் இருக்கு. கரன்ட், தண்ணி, சாக்கடை எல்லா இணைப்பும் உண்டு. கரடி நடமாட்டத்தால கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி, டென்ட் கிடையாது. அங்கே 30 அடி தாராளமா போகும். ஆனா ஏரிக்கரையில வாசம் இல்லை, மரங்களுக்குள்ள தள்ளி, வண்டிக்குப் பக்கத்துல வண்டி. வசதி கூடக் கூட ஏரி தள்ளிப் போகுது, இதுதான் கணக்கு. அப்பா கேட்டது கரை. ஆக 25 அடிக்கு உள்ளே. இன்னொண்ணு, "25 அடி மாடல்"ங்கிறது வெறும் பேரு. நான் டேப் வெச்சு பம்பருக்கு பம்பர் அளந்தேன், 25 அடி 8 அங்குலம்! அதை விட்டுட்டு ஒரு சைஸ் கீழ இறங்கினேன். எடுக்கப் போறவங்க இதை மறக்காதீங்க.

மூணாவது கேள்வி: எந்த ஃப்ரிட்ஜ்?

என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். லூயிஸ் ஏரியில கரன்ட் இணைப்பு இல்லை. ஜெனரேட்டரும் ஓட்டக் கூடாது. கடந்த சில வருஷமா வர்ற புது ஆர்.வி.க்கள்ல நிறைய 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். சீக்கிரம் குளிரும், ஆனா பேட்டரியைக் குடிக்கும். ராத்திரி குளிருக்கு ஹீட்டர் ஃபேனும் அதே பேட்டரியிலதான். ரெண்டு நாள் நிறுத்தி வெச்சா எது முதல்ல படுக்கும்னு யாருக்குத் தெரியும்?

பழைய வண்டிகள்ல இருக்கிறது கேஸ் ஃப்ரிட்ஜ். நெருப்பை வெச்சுக் குளிரூட்டறது. 1922ல ஸ்டாக்ஹோம்ல பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ்னு ரெண்டு இன்ஜினியரிங் மாணவர்கள் கண்டுபிடிச்சாங்க. மோட்டார் கிடையாது, ஓடுற பாகமே கிடையாது. கீழ ஒரு சின்னச் சுடர். அது அம்மோனியாவைத் தண்ணியிலேருந்து பிரிச்சு ஆவியாக்கும். ஆவி மேல போய்த் திரவமாகி, கீழ இறங்கி ஹைட்ரஜனோட கலக்கிறப்போ மறுபடி ஆவியாகும், அப்போ உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கும். திரும்பத் தண்ணியில கரைஞ்சு சுடருக்கே வந்துடும். ஐன்ஸ்டைனும் சிலார்டும் இருபதுகள்ல ஓடுற பாகம் இல்லாத ஃப்ரிட்ஜுக்காக மண்டையை உடைச்சுக்கிட்டாங்க, ஆனா சந்தையில நிலைச்சது இந்த மாணவர்களோடது. எலெக்ட்ரோலக்ஸ் வாங்கி 1925லேருந்து வித்தது. ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தா நாள் கணக்கா ஓடும், பேட்டரி பேருக்குத்தான்.

"சார், புது மாடல் இருக்கு"ன்னு கவுண்டர்ல இருந்த பையன் சொல்லிப் பார்த்தான். பழசுதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அப்புறம் நடந்தது

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மைனெக்கி சொன்ன மாதிரியே வளையம், கிளை. வண்டி கச்சிதமா உள்ளே போச்சு. மரங்களுக்கு நடுவுல ஏரி தெரியுது. அப்பா முகத்தைப் பார்க்கணுமே! நானும் பெரிய சரித்திர ஆராய்ச்சியாளர் மாதிரி எல்லாருக்கும் ஃப்ரிட்ஜ் விளக்கம் கொடுத்துட்டுப் பரண் ஏறிட்டேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா டார்ச்சோட எழுப்பறார். "தம்பி, ஃப்ரிட்ஜுக்குள்ள 13 டிகிரி காட்டுதுடா." சுடர் எரியுது, கேஸ் இருக்கு, ஆனா குளிரலை. வயித்துல புளி கரைச்சுது. நூறு வருஷக் கதையைப் படிச்ச நான், அந்தக் கதையில முக்கியமான வரியைக் கோட்டை விட்டிருந்தேன். அந்த ஃப்ரிட்ஜுல திரவம் ஓடுறது புவியீர்ப்புல மட்டும். வண்டி சாய்ஞ்சிருந்தா திரவம் தேங்கிடும், நாள் கணக்கா விட்டா ஃப்ரிட்ஜே காலி.

"டம்ளர்ல தண்ணி ஊத்தி மேடையில வெச்சுப் பாருடா"ன்னாங்க அம்மா. வெச்சா, ஒரு பக்கம் நல்லா இறங்கியிருக்கு. அந்தக் குளிர்ல அப்பா டார்ச் பிடிக்க, நான் சக்கரத்துக்கு அடியில பலகை வெச்சு ஏத்தி இறக்க, உள்ளேயிருந்து அம்மா "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்"னு சொல்ல, மூணாவது முயற்சியில தண்ணி நேரா நின்னுச்சு. அப்பா அதுக்கப்புறம் தூங்கவே இல்லைன்னு நினைக்கிறேன். காலையில ஏழு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துட்டு, "அஞ்சு"ன்னார். அவ்ளோதான்.

கரையில நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அம்மா உள்ளேயே டிகாஷன் போட்டு எல்லாருக்கும் காபி கொண்டு வந்தாங்க. மலச்சட்டி வெச்ச பணக்காரக் கார்லேருந்து இந்தக் காபி வரைக்கும் நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. தரையில படுக்க முடியாத ஒரு மனுஷன், டிரைவர் சமையல்காரர் யாரும் இல்லாம இங்கே வந்து உட்கார முடிஞ்சதே, அதுக்காகவாவது அந்த ஃபர்னிச்சர் கடைக்காரருக்கும், மரத்துக்காகப் பேசினவருக்கும், ரெண்டு ஸ்வீடன் பசங்களுக்கும் ஒரு கும்பிடு.

ரொம்ப நேரம் பேசாம ஏரியையே பார்த்துக்கிட்டிருந்த அப்பா கடைசியில கேட்டார்: "ஏன்டா, மதகு எங்கே?"

"இது தானா உண்டான ஏரிப்பா, மதகு கிடையாது. நிறைஞ்சா ஆறா வெளியே போயிடும்."

"அப்ப யாரும் திறந்து விட வேணாம்?"

"வேணாம்."

முப்பது வருஷம் மதகு திறந்த மனுஷன் நாற்காலியில நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்தார்.

கொசுறு: இந்த ஏரிக்குப் பேர் மெரிவெதர் லூயிஸ்ங்கிற புகழ்பெற்ற பயணி ஞாபகமா வெச்சது. ஆனா அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, அவரோட வழி வடக்கே போயிடுச்சு. பேருக்குச் சொந்தக்காரர் பார்க்காத ஏரியை எங்க அப்பா பார்த்துட்டார் :-)