தானுந்து மின்னாக்கியும் மின்னழுத்தச் சீராக்கியும்

தானுந்து மின்னாக்கி (ஆல்டர்நேட்டர்) என்பது எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் கருவி ஆகும். எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் அந்த மின்சாரத்தின் அழுத்தம் ஓர் எல்லைக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்வது மின்னழுத்தச் சீராக்கி (ரெகுலேட்டர்). தானுந்தின் ஈய-அமில மின்கலம் இவ்விரண்டையும் நம்பியே இயங்குகிறது. அழுத்தம் குறைந்தால் மின்கலத் தகடுகளில் ஈய சல்பேட்டு படிந்து இறுகும். மிகுந்தால் அமிலத்தில் உள்ள நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும்.

டைனமோ காலம்

1912-ஆம் ஆண்டின் கெடிலாக் தானுந்தில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்துவக்கி இடம்பெற்றது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் சிரமம் அதனால் நீங்கியது. ஆனால், துவக்கி செலவிட்ட மின்சாரத்தை மின்கலத்துக்குத் திருப்பித் தரவேண்டிய தேவை எழுந்தது. இதற்கு நேர்மின்னாக்கியான டைனமோ பயன்பட்டது.

தொடக்ககால டைனமோக்கள் பலவற்றில் தனிச் சீராக்கி இல்லை. மூன்றாவது தூரிகை ஒன்று மின்னோட்டத்தை மட்டும் ஓரளவு கட்டுப்படுத்தியது. மின்கலம் நிறைந்துவிட்டதா என்பதை அது அறியாது. ஆகவே பகலில் நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநர்கள், மின்கலம் அளவுக்கு மீறி ஏற்றமடையாமலிருக்க முகப்பு விளக்குகளை எரியவிடுவதுண்டு. 1930-களில் பரவிய அதிர்முனைச் சீராக்கி இக்குறையைத் தீர்த்தது. அழுத்தம் உயர்ந்ததும் அதன் மின்காந்தம் தொடுமுனையைப் பிரித்து, காந்தப்புலச் சுற்றில் ஒரு மின்தடையைச் சேர்க்கும். அழுத்தம் தாழ்ந்ததும் வில் தொடுமுனையை மீண்டும் சேர்க்கும். நொடிக்குப் பலமுறை இது நடந்தது.

எனினும் டைனமோவின் அடிப்படைக் குறை தீரவில்லை. அதன் முழு மின்னோட்டமும் சுழலும் திசைமாற்றி வழியாகவும் தூரிகைகள் வழியாகவும் வெளிவரவேண்டும். மிகுவேகத்தில் சுற்றினால் அவை தேய்ந்து கெடும் என்பதால் வேகத்தை உயர்த்த இயலவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போதோ டைனமோ ஏறக்குறைய எதுவும் தரவில்லை.

சிலிக்கான் இருமுனையம்

மாறுமின்னாக்கியில் இந்த அமைப்பு தலைகீழானது. காந்தப்புலச் சுருள் சுழல, மின்சாரம் நிலையாக உள்ள சுருள்களில் பிறக்கிறது. தூரிகைகள் சில ஆம்பியர் புலமின்னோட்டத்தை மட்டுமே சுமக்கின்றன. ஆனால் மாறுமின்சாரத்தால் மின்கலத்தை ஏற்ற முடியாது; அதை நேர்மின்சாரமாக்கச் சிறிய, வெப்பம் தாங்கும் திருத்தி தேவைப்பட்டது. சிலிக்கான் இருமுனையங்கள் (டையோடு) மலிவானதும் அத்தடை நீங்கியது. 1960-இல் கிறைசுலர் நிறுவனம் வேலியண்ட் தானுந்தில் மாறுமின்னாக்கியைப் பெருமளவில் பொருத்தியது.

இம்மாற்றம் சீராக்கியின் பணியையும் எளிதாக்கியது. டைனமோவுக்கு மின்னழுத்தம், மின்னோட்டம், பின்னோட்டத் துண்டிப்பு எனப் பெரும்பாலும் மூன்று மின்காந்த விசைகள் தேவைப்பட்டன. இருமுனையங்கள் மின்கலத்திலிருந்து மின்சாரம் திரும்பிப் பாய்வதைத் தாமே தடுக்கின்றன. நிலைச்சுருள்களின் தூண்டல் மறிப்பு மின்னோட்டத்துக்கு இயல்பான வரம்பு இடுகிறது. எஞ்சியது மின்னழுத்தக் கட்டுப்பாடு மட்டுமே. 1970-களில் இது மின்னணுச் சில்லாகச் சுருங்கி மின்னாக்கிக்குள்ளேயே அமர்ந்தது. சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் இத்தகைய மின்னாக்கிகளை உருவாக்கும் நிறுவனங்களுள் ஒன்று.

செயல்முறை

முழுதாக ஏற்றப்பட்ட 12 வோல்ட் மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அதை ஏற்றச் சற்று உயர்ந்த அழுத்தம் வேண்டும் என்பதால், சீராக்கி பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை பேணுகிறது. விளக்குகளைப் போட்டவுடன் அழுத்தம் தாழ்கிறது, சீராக்கி புலமின்னோட்டத்தைக் கூட்டுகிறது, காந்தப்புலம் வலுக்கிறது, மின்னாக்கி கூடுதலாகத் தருகிறது. எஞ்சின் வேகம் கூடினால் இதற்கு நேர்மாறாக நிகழும். குளிரில் சற்று உயர்ந்தும் வெப்பத்தில் சற்றுத் தாழ்ந்தும் அழுத்தத்தை அமைக்கும் சீராக்கிகளும் உண்டு.

எச்சரிக்கை

எஞ்சின் ஓடும்போதே மின்கல இணைப்பைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். மாறுமின்னாக்கி உள்ள வண்டியில் இது ஆபத்தானது. ஏற்றமடைந்துகொண்டிருக்கும் மின்கலம் திடீரெனப் பிரிக்கப்பட்டால் காந்தப்புலம் உடனே தணியாது. அழுத்தம் பல பத்து வோல்ட்டுகளுக்கு எகிறி, இருமுனையங்களையும் மின்னணுக் கருவிகளையும் அழிக்கக்கூடும். எஞ்சின் ஓடும்போது மின்கல முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்து அளப்பதே பாதுகாப்பான சோதனை ஆகும்.