இலையா, பூவா, மூலக்கூறா? சிபிடி எண்ணெயின் பின்கதை

இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்த முன்னோடி ஓர் அயர்லாந்து டாக்டர். பெயர் வில்லியம் ஓ'ஷாக்னெஸ்ஸி, கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். தந்தியின் வரலாறு தேடித்தான் நான் இவரிடம் போனேன். பார்த்தால், 1839ல், தந்திச் சோதனை நடத்திய அதே வருஷம், கஞ்சாவின் மருத்துவப் பயன் பற்றியும் மனுஷர் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். இன்று ஆன்லைனில் விற்கிற சிபிடி எண்ணெயைப் புரிஞ்சுக்க அங்கிருந்து ஆரம்பிக்கறதுதான் வசதி.

நம்மூர் வைத்தியர்களும் ஹக்கீம்களும் கஞ்சாவைப் பயன்படுத்துவதைக் கவனித்து, முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அதில் ஒரு நோயாளி வலிப்பு கண்ட பச்சைக் குழந்தை, பிறந்து நாற்பது நாள்தான். மற்ற சிகிச்சைகள் பலிக்காத நிலையில் கஞ்சாவைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாற்றைச் சொட்டுக் கணக்கில் கொடுத்தார். குழந்தை தேறியது.

இதை வைத்து "சிபிடி வலிப்புக்கு நல்லதுன்னு அப்பவே தெரியும்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. அந்தச் சாற்றில் என்னென்ன இருந்தது என்று ஓ'ஷாக்னெஸ்ஸிக்கே தெரிய வழியில்லை. சிபிடியைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1940ல். அதன் அமைப்பை இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம் கண்டுபிடித்தது 1963ல். போதை தருகிற டிஹெச்சியின் அமைப்பு தெரிந்தது அதற்கு அடுத்த வருஷம். செடி ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு மூலக்கூறுகள். சிபிடி போதை தராது.

இந்த வேதியியல் வருவதற்கு ரொம்ப முன்னாடியே சட்டத்தின் பார்வை உருவாகிவிட்டது. 1893ல் பிரிட்டிஷ் அரசு ஒரு கமிஷன் போட்டது. 1,193 பேரை விசாரித்த அந்தக் கமிஷன், மிதமான பயன்பாட்டால் பெரிய கேடு இல்லை, முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது. ஊர் வழக்கப்படி செடியை மூன்றாகவே பார்த்தது: இலை என்றால் பாங், பூ என்றால் கஞ்சா, பிசின் என்றால் சரஸ்.

அந்தப் பாகுபாடு அழியவே இல்லை. 1961ன் ஐ.நா. ஒப்பந்தம் பூவையும் பிசினையும் கட்டுப்படுத்தியது, பூ சேராத இலையையும் விதையையும் விட்டுவிட்டது. 1985ல் வந்த நம் போதைப்பொருள் சட்டத்தின் வரையறையும் அதே மாதிரிதான். அதாவது, "செடியின் எந்தப் பாகம்?" என்பதுதான் அந்த வரையறை கேட்கிற கேள்வி. "எந்த மூலக்கூறு?" என்று அது கேட்பதில்லை.

விளைவைப் பாருங்க. பூவிலிருந்து எடுத்தால், போதையே தராத சிபிடிகூடச் சிக்கலில் மாட்டும். இலையிலிருந்து எடுத்த சாறு, அதில் கொஞ்சம் டிஹெச்சி இருந்தாலும், அந்த வரையறைக்கு வெளியே நிற்கும். இங்கே விற்கிற பாட்டில்களில் "விஜயா இலைச் சாறு" என்று போட்டிருப்பதன் காரணம் இதுதான். விஜயா என்பது ஆயுர்வேதப் பெயர். ஆயுர்வேத மருந்து என்ற உரிமத்தில் விற்கிறார்கள். அந்த விதிகளிலேயே பாங் நச்சுப் பொருள் பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்கணும். போதாததற்கு, இலை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

இன்னொரு குழப்பம், விதை எண்ணெய். 2021ல் உணவாக அனுமதி கிடைத்த பொருள் அது. நல்ல எண்ணெய்தான், ஆனால் அதில் சிபிடி கிட்டத்தட்ட கிடையாது.

சரி, சிபிடி வேலை செய்யுதா? ஒரு விஷயத்தில் உறுதியாகச் செய்கிறது. டிராவெட் என்கிற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோயில் 120 பேரை வைத்து நடந்த சோதனை 2017ல் வெளியானது. சிபிடி எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு (இடைநிலை மதிப்பு) 5.9 ஆனது. வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 14.9லிருந்து 14.1தான். 2018ல் அமெரிக்கா எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை அனுமதித்தது. தூக்கம், மூட்டு வலி, பதற்றம் என்று விளம்பரங்கள் அடுக்குகிற மற்றதுக்கெல்லாம் இந்த அளவு ஆதாரம் இல்லை.

அதே சோதனைகளில் பக்க விளைவுகளும் தெரிந்தன: தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, பசியின்மை, கல்லீரல் நொதிகள் ஏறுவது. வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லீரல் பிரச்சினை அதிகம். குளோபசாம் சாப்பிட்டால் அதன் வீரியத்தைச் சிபிடி கூட்டிவிடும். இரண்டுமே வலிப்புக்கு இங்கே சாதாரணமாக எழுதிக் கொடுக்கிற மாத்திரைகள்.

ஒரு சின்னக் கணக்கு. மருந்தின் அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. என்று வைங்க. 20 கிலோ குழந்தைக்கு 200 மி.கி. லேபிளில் மொத்தம் 1,000 மி.கி. சிபிடி என்று போட்ட பாட்டில் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். தினம் நாலு சொட்டு விட்டால் சோதனையில் பார்த்த பலனை எதிர்பார்க்க முடியாது. லேபிளையும் அப்படியே நம்ப முடியாது. அமெரிக்காவில் ஆன்லைனில் வாங்கிய 84 பொருட்களைப் பரிசோதித்த 2017 ஆய்வில் 26ல்தான் சிபிடி அளவு சரி. 18ல் டிஹெச்சி இருந்தது.

ஆகவே வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், சிபிடி எத்தனை மி.கி., டிஹெச்சி எத்தனை மி.கி. என்று அந்த பேட்சுக்கான ஆய்வக அறிக்கையைக் கேளுங்க. கொடுக்காதவரிடம் வாங்காதீங்க. வீட்டில் வலிப்பு நோயாளி இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கவே கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து. "இயற்கைதானே, சட்டமும் அனுமதிக்குதே" என்று யாராவது சொன்னால், சட்டம் பார்த்தது இலையை மட்டும்தான், பாட்டிலுக்குள் இருப்பதை இல்லை என்று சொல்லுங்க.