இருக்கை உண்டு, ஓட்டு இல்லை

"கமிட்டிக்கு ஒரு லேடி பேரு வேணும், உங்க பேரைப் போட்டிருக்கேன் மேடம்." முன்பு வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பட்டியலில் பெயர் இருக்கும். கூட்டம் நடந்ததே கையெழுத்து வாங்க வரும்போதுதான் தெரியும். மேரி கியூரி ஜெனீவாவில் அமர்ந்திருந்த குழுவைப் பற்றிப் படித்தபோது அந்தக் குரல் திரும்ப வந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் உருவான நாடுகளின் சங்கம், எதிரெதிர் அணிகளாகப் பிரிந்துபோன அறிஞர்களை மீண்டும் பேசவைக்க 1922இல் அறிவுசார் ஒத்துழைப்புக் குழு ஒன்றை அமைத்தது. ஆகஸ்டு 1 அன்று முதல் கூட்டம். தத்துவ அறிஞர் பெர்க்சன் தலைவர். 12 உறுப்பினர்களில் இருவர் பெண்கள்: மேரி கியூரியும் நார்வேயின் விலங்கியல் அறிஞர் கிறிஸ்டினே பொன்னெவியும். யாரும் அரசுப் பிரதிநிதி அல்லர். தனி அறிஞர்களாகவே நியமிக்கப்பட்டார்கள்.

கியூரி அங்கே பெயருக்கு உட்காரவில்லை. எந்த நாட்டில் என்ன ஆய்வு வெளியானது என்று மற்ற நாட்டவர் அறியும்படி நூற்பட்டியல்களை ஒழுங்குபடுத்த வேண்டும், வசதியற்ற இளம் ஆய்வாளர்களுக்குப் பன்னாட்டு உதவித்தொகை வேண்டும், கண்டுபிடிப்பின் பலனில் விஞ்ஞானிக்கும் பங்கு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். வார்சாவிலிருந்து பாரிசுக்கு வந்து, கையில் காசில்லாமல் படித்தவருக்கு உதவித்தொகையின் அருமை தெரியாதா?

குழுவிடம் போதிய பணம் இல்லை. 1924இல் பிரெஞ்சு அரசு முன்வந்தது: பாரிசில் நிறுவனம் தொடங்க இடம் தருகிறோம், ஆண்டுதோறும் நிதியும் தருகிறோம். 1926 ஜனவரியில் பலே ரோயால் மாளிகையில் நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநரும் பிரெஞ்சுக்காரரே. உலகின் அறிவைத் தன் தலைநகரத்துக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது பிரான்ஸ் என்று அப்போதே பலர் முணுமுணுத்தார்கள். இடம் கொடுப்பவர் கை ஓங்குவது நமக்குத் தெரியாததல்ல.

எனக்கு உறுத்துவது வேறு. பெண்களுக்கு வாக்குரிமை தரும் மசோதாவை 1919இலேயே பிரெஞ்சுக் கீழவை ஏற்றிருந்தது. மேலவையான செனட் அதைக் கிடப்பில் போட்டு, 1922 நவம்பர் 21 அன்று 156க்கு 134 என்ற கணக்கில் நிராகரித்தது. ஜெனீவாக் கூட்டம் முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பெண்கள் பாதிரியார் சொல்படி ஓட்டுப் போட்டுக் குடியரசைக் கவிழ்த்துவிடுவார்கள் என்பது குடியரசுவாதிகள் பலரின் பயம். இரண்டு நோபல் பரிசு வாங்கியவரும் அந்தப் பயத்துக்குள் அடக்கம். முதல் நோபலுக்குப் பிறகும், 1911இல், பாரிஸ் அறிவியல் அகாதெமி மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்திருந்தது. அதே குழுவில் இருந்த பொன்னெவியின் நாட்டிலோ 1913 முதல் பெண்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு.

1934இல் கியூரி இறக்கும்வரை அவருக்கு ஓட்டு இல்லை. 1936இல் அவர் மகள் ஐரீனை அறிவியல் ஆய்வுக்கான துணை அமைச்சராக்கியது லியோன் ப்ளும் அரசு. அமைச்சருக்கும் ஓட்டு இல்லை! 1944இல்தான் பிரான்சில் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். 1945இல் முதன்முறை வாக்களித்தார்கள்.

புகழ்பெற்ற ஒருத்திக்கு நாற்காலி போடுவது எந்த அரசுக்கும் சுலபம். அதனால் அரசுக்குத்தான் பெருமை. பெயர் தெரியாத சலவைக்காரிக்கும் தையல்காரிக்கும் ஓட்டுத் தந்தால் அதிகாரத்தைப் பங்கு போட வேண்டிவரும். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கலாம். கியூரியின் உழைப்பு குறைந்ததல்ல. அந்த உழைப்பைத் தன் சாதனையாகக் காட்டிக்கொண்ட அரசிடம்தான் என் கேள்வி.

இப்போதும் கமிட்டிக்குப் பெயர் கேட்டு வருகிறார்கள். கூட்டம் என்றைக்கு, நிகழ்ச்சிநிரலை எழுதுவது யார், வேலைக்கு வரும் மற்ற பெண்களுக்கு இதனால் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். சிலர் அத்தோடு என் பெயரை எடுத்துவிடுகிறார்கள்.