அருவிக்கு ஒரு நிபந்தனை, லயத்துக்கு ஒரு வீடு: மலையகத் தேர்தல்களில் பசுமை வேட்பாளர் எழாத வரலாறு

ஏழைகளுக்குச் சுற்றாடல் அக்கறை இராது, அது வயிறு நிறைந்தவர்களின் விசாரம் என்ற வாதத்தை ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1977இல் வலுவாக முன்வைத்தார். அதற்கு எதிர்நிலையை எடுத்தவர்களில் முதன்மையானவர் இராமச்சந்திர குஹா. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கத்தைப் பற்றிய 1989ஆம் ஆண்டு நூலிலும், ஹுவான் மார்ட்டினஸ் அலியரோடு சேர்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பிலும் அவர் சொன்னது இது: காடும் நீரும் நிலமும் பறிபோகும்போது முதலில் எழுந்து நிற்பவர்கள் அவற்றை நம்பிப் பிழைப்பவர்களே. தங்கள் போராட்டத்துக்குச் சூழலியம் என்று அவர்கள் பெயர் சூட்டாமல் இருக்கலாம், ஆனால் செய்வது அதைத்தான். இந்த வாசிப்புக்குத் தென்னாசியச் சூழல் ஆய்வு பெரிதும் கடன்பட்டிருக்கிறது. அதனால்தான் அது எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பதற்கும் மதிப்பு இருக்கிறது. இலங்கையின் நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் அது பொருந்தவில்லை என்பது என் வாதம். பொருந்தாமைக்குக் காரணம் தொழிலாளரின் பசியோ அறியாமையோ அல்ல.

ஒரு தலைகீழ் ஒப்பீட்டோடு தொடங்கலாம். 1972இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் நீர்மின் திட்டம் ஒன்று பெடர் ஏரியை மூழ்கடிக்கவிருந்தது. அதை எதிர்த்தவர்கள் ஐக்கிய தஸ்மேனியக் குழு என்ற பெயரில் மாநிலத் தேர்தலில் நின்றார்கள். உலகின் முதல் பசுமைக் கட்சியாகப் பலரும் குறிப்பது அதைத்தான். அவர்களும் தோற்றார்கள், ஏரியும் மூழ்கியது, ஆனால் ஒரு கட்சி மரபு பிறந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தலவாக்கலையில் அதே அமைப்பில் ஒரு சிக்கல் எழுந்தது: ஒரு நீர்மின் திட்டம், ஒரு புகழ்பெற்ற நீர்க்காட்சி, எதிர்ப்பு. பசுமை வேட்பாளர் மட்டும் எழவில்லை. நுவரெலியா மாவட்டத்திலிருந்து சுற்றாடலை முதல் கோரிக்கையாக வைத்த கட்சி எதுவும் இன்றுவரை பாராளுமன்றத்துக்குப் போனதில்லை.

இதைத் தேர்தல் முறையால் விளக்கிவிடலாம் என்று தோன்றும். 1988இல் கொண்டுவந்த பதினைந்தாவது திருத்தம் மாவட்ட வெட்டுப்புள்ளியை எட்டில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாகக் குறைத்தது. நுவரெலியாவில் அது இருபதாயிரம் வாக்குகள் அளவில் வரும். சிறிய குழுவுக்கு அது எட்டாத உயரம் அல்ல. 1994இல் மலையக மக்கள் முன்னணியின் தலைவர் பெ. சந்திரசேகரன் சுயேச்சைக் குழுவாக நின்று, 27,000 வாக்குகளுக்கு மேல் பெற்று, ஓர் ஆசனத்தை வென்று காட்டினார். அந்த ஓர் ஆசனம்தான் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டுக்கு 113 என்ற பெரும்பான்மையை எட்ட உதவியது. ஆகவே கதவு திறந்தே இருந்தது. யார் நுழைந்தார்கள், எதைச் சொல்லி நுழைந்தார்கள் என்பதுதான் கேள்வி.

இனித் தலவாக்கலையின் அந்த நீர்மின் திட்டம்: மேல் கொத்மலை. 150 மெகாவாட் திட்டம். முதலில் பல அருவிகளின் நீரைத் திருப்பும் விதத்தில் வரையப்பட்டது. 1990களின் நடுவில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அதற்கு அனுமதி மறுத்தது. மேன்முறையீட்டுக்குப் பின், 1998இல், சுருக்கிய வடிவத்துக்கு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஜப்பானியக் கடன் ஒப்பந்தம் 2002இல் கைச்சாத்தானது. கட்டுமானம் 2006-07இல் வேகம் பிடித்தது. 2012இல் மின் உற்பத்தி தொடங்கியது. இவையெல்லாம் வாசகர் அறிந்தவை.

நான் நின்று பார்க்க விரும்புவது அந்த அனுமதியின் ஒரு நிபந்தனையை. சென் கிளயர் அருவியில் பகல் வேளையில் குறித்த மணி நேரம் நீர் விழ வேண்டும், அதற்கான நீரைத் திட்டம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அது. இரவில் அந்த நீர் சுரங்கத்துக்குள் போகலாம். முதல் வாசிப்பில் இது சூழலியலாளரின் வெற்றி. அவர்கள் போராடாதிருந்தால் இந்த வாசகமே இருந்திராது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் எதை அளந்து எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆற்று மீனுக்கும் பாசிக்கும் பகல், இரவு இரண்டிலும் நீர் வேண்டும். பகலில் மட்டும் நீர் தேவைப்படுவது ஹட்டன் – நுவரெலியா வீதியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவருக்குத்தான். நிபந்தனை காப்பாற்றியது ஒரு காட்சியை. அருவியின் இரு கரையிலும் கொழுந்து எடுப்பவர்கள் அந்தக் காட்சியின் ஓரத்தில் நிற்கும் உருவங்களாகவே அதில் இடம் பெறுகிறார்கள். சரியாகச் சொன்னால், இடம் பெறவேயில்லை.

தோட்ட மக்களுக்கான வாசகம் வேறு ஆவணத்தில், மீள்குடியேற்றத் திட்டத்தில் இருக்கிறது. அணை, நீர்த்தேக்கம், அவற்றைச் சார்ந்த வேலைகள் ஆகியவற்றால் இடம்பெயர வேண்டியிருந்தவை ஏறத்தாழ 500 குடும்பங்கள். பலர் லயங்கள் எனும் தோட்ட வரிசை வீடுகளிலும் தலவாக்கலை நகரோரத்திலும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குத் தனி வீடு வாக்களிக்கப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறையைக் கடத்திய குடும்பத்துக்குத் தனிக்கூரை, தனி வாசல் என்றால் என்னவென்று மலையகத்துக்கு வெளியே விளங்கவைப்பது கடினம். குஹாவின் சட்டகம் இங்கேதான் இடறுகிறது. சிப்கோவில் மரத்தைக் கட்டிப்பிடித்தவர்களுக்கு அந்தக் காட்டில் வழக்குரிமை இருந்தது, அல்லது இருந்ததாக அவர்கள் நம்பினார்கள். இழப்பதற்கு அவர்களிடம் ஒன்று இருந்தது. லயத்து மனிதருக்கு நிலத்தில் உரிமை இல்லை. கூரை கம்பனியுடையது, வேலை போனால் கூரையும் போகும். அவரைப் பெயர்க்கவந்த திட்டமே அவருக்கு முதல் வீட்டையும் நீட்டியது. எதிர்ப்பதைவிடப் பேரம் பேசுவது அவருக்கு அறிவுபூர்வமான வழி. இந்தக் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் கணக்குப் போட்டன என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அச்சமும் கோபமும் அங்கே நிறையவே இருந்தன. ஆனால் எதிர்ப்பின் முகமாக நின்ற இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் மலையக மக்கள் முன்னணியும் இறுதியில் அதைக் கைவிட்டது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. கைவிட்ட நாள் எது என்பது சிக்கலான கேள்வி. 2002 ஒப்பந்தத்தையும் சொல்லலாம், 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலின் பின்விளைவையும் சொல்லலாம். 2006க்குப் பின் இரு கட்சிகளும் அரசின் பக்கம் சாய்ந்துவிட்டன என்பது மட்டும் தெளிவு. இதை அமைச்சுப் பதவிக்கு விலைபோனதாக மட்டும் எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பதவி ஒரு காரணம். ஆனால் வீட்டைத் தவிர வேறெதையும் கேட்காத ஒரு வாக்காளர் கூட்டம் பின்னால் நின்றதும் ஒரு காரணம்.

‘நிலத்தை நம்பிப் பிழைப்பவர் நிலத்தைக் காப்பார்’ என்பது மலையகத்தில் ஒருமுறை மெய்யாகவே நிகழ்ந்தது. அதை மறைத்து என் வாதத்தை நிறுவ முடியாது. 1977 மே 11இல், தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்த டெவோன் தோட்டத் தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டனர். சிவனு இலட்சுமணன் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் செளமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியின் மூன்றாம் உறுப்பினரானார். குஹாவின் வாசகர் இதைச் சான்றாக எடுக்கலாம். எனக்கு அது எதிர்ச்சான்றாகவே படுகிறது. இலட்சுமணனும் அவரது தோழர்களும் காத்தது தங்கள் நிலத்தை அல்ல, அப்போது அரசு வசமிருந்த தோட்டத்தை. அது பிரிந்தால் வேலை போகும், லயம் போகும், போக வேறிடம் கிடையாது. அவர்கள் முன்வைத்தது தொழிலாளராக அங்கே இருக்கும் உரிமையை. காட்டையோ நீரையோ பற்றிய மொழி அதில் இல்லை.

அந்த மொழி இல்லாமல் போனதற்கு இன்னும் பழைய காரணம் ஒன்று உண்டு. இந்த இடத்தில் சான்று மெலிவு என்று அறிந்தே அழுத்திச் சொல்கிறேன். மலைநாட்டின் சுற்றாடல் முதலில் அரசியல் வாதமாக வந்தபோது, தோட்டத் தொழிலாளர் அதில் பாதிக்கப்பட்டவராக வரவில்லை, பாதிப்பின் ஒரு பகுதியாகவே வந்தார். 1873இல் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி ஐயாயிரம் அடிக்கு மேல் காடழிக்கத் தடை வந்தது. அது அதிகாரிகளின் கவலை. 1951இல் வெளியான கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை, பெருந்தோட்டங்கள் சூழ்ந்துகொண்டதால் கண்டிக் கிராமங்கள் நிலமற்றுப்போனதைப் பேசியது. மண் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. இரண்டிலும் நியாயம் இருந்தது, அதை மறுப்பது ஆய்வுக்கு அழகல்ல. ஆனால் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்புதான் 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் திருத்தமும், 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வழியாக 7 உறுப்பினரை அனுப்பிய மக்களின் வாக்கைப் பறித்திருந்தன. மலை மொட்டையானதையும் மண் கரைந்ததையும் பேசிய குரலே தோட்டத்தானை அந்நியன் என்றும் சொன்னது. அந்தக் குரலின் சொற்களைக் கடன் வாங்கித் தேர்தலில் நிற்பதற்குத் தோட்டத்து வேட்பாளருக்கு எந்தத் தூண்டுதலும் இருக்கவில்லை.

இந்தப் பிளவு புதிய நூற்றாண்டில் உருமாறி வந்தது. 2004 பொதுத்தேர்தலில் பிக்குகளை மட்டுமே நிறுத்தி 9 ஆசனங்களைப் பெற்ற ஜாதிக ஹெல உறுமயவின் அரசியலில் சுற்றாடலுக்குத் தெளிவான இடம் இருந்தது. அக்கட்சியின் சம்பிக்க ரணவக்க பின்னர் சுற்றாடல் அமைச்சரானார். அத்துரலியே ரதன தேரர் நச்சற்ற விவசாயத்தைத் தன் இயக்கமாக்கினார். இலங்கையில் தேசியத் தேர்தல் வழியாக அதிகாரத்தை எட்டிய பசுமைக் குரல் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், சற்றுத் தயக்கத்தோடு, இதைத்தான் காட்டுவேன். தயக்கம் ஏனென்றால் சிங்கள பௌத்த தேசியமும் அதே பொதியில் இருந்தது. அந்தக் குரலின் விளைவு மலைக்கு வந்து சேர்ந்த விதம் கவனத்துக்குரியது. 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தடையானது. தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் தளர்த்தப்படும்வரை மலைகளில் களை மண்டியது. களைக்குள் அட்டையும் குளவியும் பாம்பும் இருந்தன. கிளைபோசேட்டின் நஞ்சு நியாயமான கவலை, அதைத் தெளித்ததும் தோட்டத் தொழிலாளர்தான். ஆனால் தடையைத் தீர்மானித்த மேசையில் அவர்கள் இல்லை.

2019இல் கோட்டாபய ராஜபக்ஷவின் தேர்தல் அறிக்கை பத்தாண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகச் சொன்னது. நுவரெலியா மாவட்டம் 58 வீதத்துக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தது, தொழிலாளர் காங்கிரஸ் கோட்டாபயவை ஆதரித்தபோதும். பத்தாண்டு என்றது 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதித் தடையாக வந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயமாகி, அதற்கு எத்தனை கிலோ என்ற சண்டை தோட்டந்தோறும் நடந்துகொண்டிருந்தது. உரமில்லாத மலையில் கொழுந்து குறைந்தால் நிறை குறையும், நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ, 2022இல் 251 மில்லியன் அளவு. தேயிலைக்கான தடை சில மாதங்களில் விலகிவிட்டது. ஆனால் பசுமை என்பது மேலிருந்து வந்து பேரைப் பாதியாக்கும் ஒன்று என்ற அனுபவம் தங்கிவிட்டது.

சுற்றாடல் மலையக வாக்குச்சீட்டில் நுழையவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தது. பத்து வாரங்களில் ஜனாதிபதித் தேர்தல். தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த ராஜபக்ஷவோடு நின்றும், நுவரெலியா மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேன 63 வீதத்துக்கு மேல் பெற்றார். அதற்கு மீரியபெத்தைதான் காரணம் என்பது மிகை, நாடெங்கும் காற்று அந்தப் பக்கமே வீசியது. ஆனால் அதன்பின் மேடைகளில் 7 பேர்ச்சஸ் காணியும் உறுதிப்பத்திரமும் தனிவீடும் பேசப்பட்ட விதத்தில் மண்சரிவின் நிழல் இருக்கிறது. 2015 ஜூனில் உருவான தமிழ் முற்போக்குக் கூட்டணி அந்தப் பேச்சோடு 6 ஆசனங்களை எடுத்தது. மண்சரிவு காணிக் கோரிக்கையாக மாறித்தான் வாக்கானது. மலையகத்தின் சூழல் அரசியல் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த உருவில்தான் உண்டு. குஹா இதையும் தன் வகைக்குள் சேர்த்துக்கொள்ளலாம். நான் தடுக்கவில்லை, ஆனால் அப்போது அந்த வகை மிகவும் நெகிழ்ந்துவிடும்.

தமிழ்நாட்டு ஒப்பீடு ஒன்று இங்கே உதவும். 2014 மக்களவைத் தேர்தலில் கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்பாளர் சுப. உதயகுமாரனை ஆம் ஆத்மி கட்சி கன்னியாகுமரியில் நிறுத்தியது. அவர் தோற்றார், ஆனால் நிற்க முடிந்தது. அந்தப் போராட்டம் நடந்த இடிந்தகரையின் மீனவருக்குப் படகு சொந்தம், ஊர்க்கூட்டமும் ஆலயமும் சொந்தம். எதிர்க்கப்பட்ட நிறுவனம் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை, கூரையும் கொடுக்கவில்லை. தோட்டத்திலோ கட்சியே தொழிற்சங்கம். அதன் சந்தா சம்பளத்திலிருந்து தோட்ட அலுவலகமே கழித்துக் கொடுப்பது. சங்கத்தின் தோட்டத் தலைவரான தலவர் இல்லாமல் தோட்டத்துக்குள் ஒரு கூட்டம் கூட்டுவது நீண்ட காலம் கடினமாயிருந்தது.

அந்தப் பிடி இப்போது தளர்ந்திருக்கிறது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் நுவரெலியாவின் 8 ஆசனங்களில் 5ஐ தேசிய மக்கள் சக்தி வென்றது. சங்கத் தலைமைகளுக்கு மீதி மூன்றுதான். அதே ஆண்டு செப்டெம்பரில், மலையகத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் மயில்வாகனம் திலகராஜ் ஜனாதிபதித் தேர்தலிலேயே சுயேச்சையாக நின்றார், மலையக மக்களின் தேசியப் பிரச்சினையை முன்வைத்து. சங்கம்தான் தடை என்ற விளக்கம் மட்டும் சரியாயிருந்தால், தளர்ந்த இடத்தில் பசுமைக் குழு ஒன்று தலைகாட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. சங்கத்தைவிட நிலவுரிமையைப் பெரிய காரணமாக நான் கொள்வது இதனால்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மத்திய, ஊவா மலைகளைச் சரித்துவிட்டுப் போனபின் நிலவுரிமைக் கேள்வி கூர்மையாகியிருக்கிறது: ஆபத்து வலயத்து லயங்களை எங்கே மாற்றுவது, கம்பனி குத்தகைக் காணியில் எந்தச் சரிவு பாதுகாப்பானது, உறுதிப்பத்திரம் யார் பெயரில். இவற்றைப் பேசும் ஒரு வேட்பாளருக்கு இயல்பான களம் மாகாண சபை. மத்திய மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் நடந்ததுதான் கடைசித் தேர்தல்.